ஓடாவியின் உளிக்கு என்ன மதிப்பு?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கடல் வணிகத்தோடு அதற்குள்ள உறவு பழையது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) சந்தைச் சரக்கு துறைமுகம் சேர்வது எளிதாயிற்று. தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. அங்கிருந்து கரைவரை மூட்டை சுமந்தவை தோணிகள். 1974-இல் புதிய துறைமுகம் வந்த பிறகும் அவை கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வந்தன. ஓடாவிகள் எனப்படும் மரக்கலத் தச்சர்களின் இந்தக் கைவினையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் தெளிவு இல்லை.

நம் முன்னே மூன்று வழிகள் உள்ளன: பழங்கலத்தை மறுபடி கட்டிக் காட்டுவது, செல்வந்தர்களின் உல்லாசத்துக்குக் கட்டித் தருவது, சரக்கு ஏற்றும் தோணியைத் தொழிலாகவே வைத்திருப்பது. இவற்றை இரண்டு கேள்விகளால் நிறுக்கலாம். கட்டும் அறிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறதா? கட்டிய கலத்தை ஆண்டுதோறும் பழுதுபார்க்கக் காரணம் இருக்கிறதா? இரண்டாவதுதான் கடுமையான கேள்வி. மரக்கலம் தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது. உப்புநீர் ஆணியை அரிக்கும், கப்பல்புழு பலகையைத் துளைக்கும், வெயிலில் பலகை சுருங்கி இடைவெளி விடும்.

முதல் வழிக்கு நல்ல சான்று ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா. அஜந்தா ஓவியத்தில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள் தேங்காய் நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கலம் அது. சென்னை ஐ.ஐ.டி. அதன் மாதிரியை நீரில் சோதித்தது. 2025 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது; அந்த டிசம்பரில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு 2026 ஜனவரியில் மஸ்கட் சேர்ந்தது. வரைபடம் எதுவும் கிடைக்காத ஒரு கலத்தை இயந்திரமின்றிக் கடல் கடக்க வைத்தது பெரிய சாதனை. ஆனால் அது ஒரே கலம். தைத்த கயிற்றைக் காலாகாலத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலை நிற்காமல் கிடைத்தால்தான் அதைக் கற்க ஓர் இளைஞன் வருவான்.

கேரளத்துப் பேப்பூரில் கட்டும் உரு என்னும் மரக்கப்பல்கள் இரண்டாம் வழி. வளைகுடாச் செல்வந்தர்களின் ஆர்டர்களால் அங்கே உளிச்சத்தம் கேட்கிறது. கைவேலைக்கு நல்ல விலையும் உண்டு. ஆனால் ஆர்டர் நின்றால் பட்டறையும் நின்றுவிடும். கலம் வெளிநாடு போய்விடுவதால் பராமரிப்பு அறிவுக்கு உள்ளூரில் வேலை குறைவு.

மூன்றாவது வழியான தோணியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆணி அடித்தது, இன்ஜின் பூட்டியது, ஆகவே மரபு கெட்டது என்பது அவர்கள் வாதம். இது ஏற்கத்தக்கதல்ல. முதலில் வங்கு என்னும் விலாச்சட்டங்களை நிறுத்தி, பிறகு பலகை பொருத்தும் தமிழகக் கடற்கரை முறையை லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரெய்ல் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். அடிமரமான ஏராக்கட்டையின் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி வங்கின் வளைவு படிப்படியாக மாறும் கணக்கை ஓடாவிகள் வரைந்தே தீர்மானிக்கிறார்கள். தச்சனின் கைப்பழக்கம் மட்டும் இதைச் செய்துவிடாது. இதில் வடிவியல் இருக்கிறது. இத்தகைய மரக்கலங்களின் வலிமைக்குப் பாக் நீரிணையின் மறுகரையில் இன்னொரு சான்று உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பராமரிப்பில்தான் தோணியின் பலம் முழுதாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணி கடலுக்குப் போகாது. அதுவே பழுதுபார்க்கும் காலம். பலகை இடுக்கிலுள்ள பழைய பஞ்சைச் சுரண்டி எடுப்பார்கள். புதிய பஞ்சைத் திரியாக முறுக்கி, உளிமுனையால் அழுத்தி, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகு. இதற்குக் கலப்பற்று என்று பெயர். அடி குறைந்தால் நீர் கசியும். கூடினால், நனைந்து உப்பிய பலகை வங்கைவிட்டுத் தள்ளிக்கொள்ளும். திரி இறுக இறுகக் கொட்டாப்புளியின் ஓசை மாறும். அதைக் கேட்டுத்தான் கைவேகத்தை நிறுத்த வேண்டும். காட்சிக்கு நிற்கும் கலம் இந்தக் காதை வளர்க்காது. சரக்கோடு புறப்பட வேண்டிய தோணிதான் வளர்க்கும்.

இன்ஜின் குறித்த மறுப்புக்கு 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமே விடை தந்திருந்தது. பாயை மட்டும் கொண்டு ஓடப் போதிய பாய்ப்பரப்பு இருந்தால், இயந்திரம் இருந்தாலும் அது பாய்க்கலமே என்றது சட்டம்.

பாதுகாப்பு குறித்த மறுப்பு கனமானது. மரத்தோணிகள் மூழ்கியிருக்கின்றன, மாலுமிகள் உயிர் பிழைக்கத் தத்தளித்திருக்கிறார்கள். மரபின் பேரால் பழுதான கலத்தைக் கடலுக்கு அனுப்புவது குற்றம். ஆனால் இந்த மறுப்பு தோணிக்கு எதிரானதல்ல, பராமரிப்புக் குறைவுக்கு எதிரானது. இங்கே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியிடம் ஒரு பாடம் இருக்கிறது. கைவேலையும் உயிராபத்தும் சேர்ந்த தொழில் பட்டாசு. அங்கே போர்மேன், கண்காணிப்பாளர் பொறுப்புக்குப் பயிற்சி தர மத்திய அரசின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இயங்குகிறது. பயிற்சி இருந்தும் விபத்துகள் ஓயவில்லை என்பது நம் வேதனை. ஆனாலும் யார் திறமைசாலி, யார் பொறுப்பாளி என்பதற்கு அங்கே ஓர் அளவுகோல் உண்டு. ஓடாவிக்கும் கலப்பற்றுக்காரருக்கும் அப்படி ஓர் அங்கீகாரம் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கௌண்டின்யா ஆராய்ச்சியாக முதல் தரம், கைவினையைக் காப்பாற்றும் வழியாக அரைகுறை. பேப்பூர் கூலி தருகிறது, தொடர்ச்சிக்கு உத்தரவாதம் தரவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஆம் என்று சொல்லக்கூடியது ஓடிக்கொண்டிருக்கும் தூத்துக்குடித் தோணி மட்டுமே. பண்பாட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் அதன் கலப்பற்றுக்கும் புதுப்பலகைக்கும், பட்டறையில் கற்கும் இளைஞனின் உதவித்தொகைக்கும் போக வேண்டும். தகுதி பெற்ற ஓடாவி பார்த்து ஒப்பமிட்ட தோணிக்கே கடல் அனுமதி என்பதும் அதோடு சேர்ந்த நிபந்தனை. இதைச் செய்யாமல் புதுக் கப்பல்களை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், அவற்றைப் பழுதுபார்க்க ஆளில்லாத நாள் வந்துவிடும்.