கதவு இழந்த வீடு

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையைக் குழந்தைகளின் கதையாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். கதவில் ஏறிப் பேருந்து விளையாடும் அச்சிறுவர்கள் மனத்தை விட்டு அகலுவதில்லை. ஆயினும் கதையின் பாரத்தைச் சுமப்பவள் அவர்களுடைய தாய்.

கணவன் மணிமுத்தாறு பக்கம் பிழைக்கப் போனவன். மாதங்கள் கடந்தும் தகவல் இல்லை. கூலிக்கு உழைத்துப் பிள்ளைகளைக் காக்கிறாள் அவள். தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழற்றிச் செல்கிறார்கள். வாடைக்காற்று உள்ளே புகுகிறது; கைக்குழந்தை இறக்கிறது. இவ்வளவையும் ஆசிரியர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அதுவே கதையின் வலிமை. ஆனால் குழந்தையை இழந்த தாயின் உள்ளத்தில் அவர் நின்று பார்க்கவில்லை. கதை மீண்டும் சிறுவர்களிடமே திரும்புகிறது. இதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

அவள் கைம்பெண் அல்லள்; கைவிடப்பட்டவள் என்றும் சொல்ல இயலாது. தமிழகத்தில் ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை 1975இலும், கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை 1986இலும் தொடங்கப்பட்டன. சட்டப்படியான மணவிலக்கோ பிரிவோ பெறாதவள், கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது கழிந்ததைக் காட்ட வேண்டும் என்பது விதி. சில மாதங்களாகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மாதம் 1000 ரூபாய்த் திட்டம் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் பெற்றது. கொடையை உரிமை என்று அழைத்தது பெரிய மாற்றமே.

நெமிலிச்சேரி நிலையத்தில் விடியற்காலை மின்தொடர் வண்டிக்குக் காத்து நிற்கும் வீட்டு வேலைப் பெண்களிடையே இக்கதையின் தாய் இருக்கக்கூடும். “அவர் வெளியூர் போயிருக்கிறார்” என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி மானத்தைக் காப்பவளுக்குச் சான்றிதழ் கேட்டு அலுவலகப் படி ஏறுவது பசியைவிடக் கொடிது.

அடகு வாங்கக் கடன்காரனின் வீட்டினுள் நுழையாதே, வெளியே நில் என்கிறது இணைச்சட்டம் (24:10-11). ஏழையின் வாசற்படிக்கும் மதிப்புண்டு என்பதே அதன் பொருள். பங்கின் சார்பில் உதவி கேட்டவர் இல்லத்திற்கு விசாரிக்கச் செல்லும் நாம், தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா என்று கண்ணால் துழாவுகிறோம், “கணவர் எங்கே?” என்று அண்டை வீட்டார் காதுபடக் கேட்கிறோம். அரிசி கொடுத்துவிட்டு, அவள் இத்தனை காலம் மூடிவைத்திருந்த கதவைக் கழற்றி வருகிறோம்.

கதையின் முடிவில், சாவடியின் பின்புறம் தங்கள் கதவைக் கண்ட சிறுவர்கள் அதைப் பற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பிடியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்வோம். அழைக்கும்வரை வெளியே நிற்போம்.