ஆதிச்சநல்லூர் ஓட்டுருவங்களும் மோச்சே கலயங்களும்: உருவ வாசிப்பின் எல்லை

ஆதிச்சநல்லூரில் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை 2004–05இல் நிகழ்த்திய அகழாய்வில், ஒட்டுருவங்கள் கொண்ட பானை ஓடு ஒன்று தாழியினுள் கிடைத்தது. ஒரு பெண், மான், முதலை, செடி, நாரை ஆகியன அதில் அமைந்துள்ளன. இவற்றைச் சங்கத் திணையின் கருப்பொருள்களாகக் கொள்ளும் ஈர்ப்பு எழுவது இயல்பே. அவ்வாறு கொள்ளச் சான்று போதுமா என்பதே வினா.

பெரு நாட்டின் வடகடற்கரையில் ஏறத்தாழ கி.பி. 100–800 காலத்தில் வாழ்ந்த மோச்சே மக்கள் எழுத்தற்றவர்கள். வெண்மஞ்சள் பரப்பில் செம்பழுப்புக் கோடுகளால் கலயங்களில் காட்சிகளைத் தீட்டினர். கிறிஸ்டோபர் டோனன் பல்லாயிரம் படங்களைத் தொகுத்து ஒப்பிட்டார். கிண்ணம் கையளிக்கும் காட்சி ஒரே உறுப்பினரோடு மீள மீள வருவதை அதனால் கண்டார். 1987இல் சிபானில் வால்டர் ஆல்வா அகழ்ந்த கல்லறையும், 1991இல் சான் ஹோசே தே மோரோவில் வெளிப்பட்ட பெண் பூசாரியின் கல்லறையும் அவ்வுறுப்பினரின் அணிகலன்களையே தந்தன. மீள்வரவு வாசிப்பைத் தந்தது. கல்லறை அதனை உறுதிப்படுத்தியது.

தமிழகச் சான்று வேறு நிலையினது. கொடுமணல் முதலிய கொங்குத் தளங்களில் செங்காவிப் பூச்சும் வண்ணக் கோடுகளும் கொண்ட மட்கலன்கள் மிகுதி. ஆனால் அவற்றில் காண்பவை பெரும்பாலும் கோட்டு வடிவங்கள். ஆதிச்சநல்லூர் ஓட்டில் உருவங்கள் உண்டு. ஒப்பிடத்தக்க தொகுதி இல்லை.

பிற்கால வழக்கை முற்காலப் பொருளின்மேல் ஏற்றும் போக்கும் இத்தளத்திற்குப் புதிதன்று. அலெக்சாண்டர் ரீ அங்கு எடுத்த இரும்பு வேல்களும் வெண்கலச் சேவல்களும் முருக வழிபாட்டின் சான்றுகளாகக் காட்டப்பட்டுள்ளன. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையேறும் காவடியாளரைக் கண்டவருக்கு அவ்விணைப்பு எளிதில் தோன்றும். எனினும் அங்குக் கிடைத்த பொற்பட்டங்கள் நெற்றிக்குரியனவா, காவடியாளரின் வாய்ப்பூட்டை ஒத்தனவா என்பதிலேயே இரு கருத்துகள் உள்ளன. வேல் போர்க்கருவியாகவும் இருந்திருக்கலாம்.

திணை வாசிப்பை இவை பொய்ப்பிக்கவில்லை. அதனைக் கருதுகோள் நிலையில் நிறுத்துகின்றன. ஓட்டின் உருவங்களைத் தாழி, மண்ணடுக்கு, உடன்கிடைத்த பொருள்கள் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கவேண்டும். பிற ஈமத்தளங்களின் ஒட்டுருவங்களையும் தொகுக்கவேண்டும். அதன் பின்னரே இலக்கியத்தைத் துணைக்கழைப்பது முறை. இவ்வரிசை மாறின், ஓடு சங்கப் பாடலுக்கு விளக்கப்படமாகச் சுருங்கிவிடும்; தாழியில் அதனை இட்டவர் கருதியது என்ன என்ற வினாவே எழாது.