மணலில் ஒன்று, மரத்தில் ஒன்று

பேராதனைப் பூங்காவை வளைத்தோடும் மகாவலிக் கரைக்குப் போனால் என் கண் முதலில் மணலைத் தேடும், பிறகு மரத்தண்டை. இலங்கையின் புலிவண்டுகள் இரண்டையும் பங்கிட்டுக்கொண்டவை. ஆற்று மணலில் வேட்டையாடும் சிசிண்டெலா வகை வண்டு பாய்ந்தோடும்போது கண்ணுக்குப் போதிய ஒளி சேராது, இரை மங்கிவிடும். சட்டென்று நிற்கும், குறிபார்க்கும், மறுபடி ஓடும். அதன் புழுவோ நிலத்தில் செங்குத்தாக வளை தோண்டி, தலையால் வாயிலை அடைத்துக் காத்திருக்கும். பெரிய இரை திமிறினாலும் புழு வெளியே இழுபடாது. முதுகிலுள்ள கொக்கி வளைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கொக்கியை எத்தனை வியந்தாலும் தகும்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய டெரோக்ரேனியா என்னும் புலிவண்டோ மரவாசி. மெலிந்த உடல், நீண்ட கழுத்து, பெரிய கண்கள். தாடைகள் மட்டும் மணல்வாசிக்கு இருப்பவைதான்: நீண்டு வளைந்து, கூரிய பற்களோடு.