எழுதிய பாவையும் நீர்வேட்கையும்

கல்வியுலகில் அவ்வப்போது ஒரு சொல் புறப்பட்டு வந்து, சில ஆண்டுகள் எல்லாக் கருத்தரங்குகளிலும் கொலுவிருந்துவிட்டுப் போவது வழக்கம். இற்றை நாளில் அவ்வாறு கொலுவிருப்பது ‘சதி’ என்னும் பாளிச் சொல். தமிழ்க் காதுக்கு இது நற்சகுனமான சொல்லன்று. சூழ்ச்சி என்ற பொருளே முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஆகவே நம்மவர் அதனை விழிப்புணர்வு என்றும், நினைவுடைமை என்றும், முழுக்கவனம் என்றும் ஆளுக்கொரு பெயரிட்டு வழங்குகின்றனர். பெயர் எதுவாயினும் செய்கை ஒன்றே: மாணவர் கண்ணை மூடி நிமிர்ந்திருந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும், அதனால் மனம் ஒருமுகப்படும், ஒருமுகப்பட்ட மனத்திற் பாடம் பதியும்.

நம் நாட்டில் உட ஏரியகம தம்மஜீவ தேரரின் முயற்சியால் 2016 இல் ‘சதி பாசல’ என்ற இயக்கம் தோன்றிப் பாடசாலைகளை நாடிற்று. 2018 ஜூலையில் டில்லி அரசு தன் பள்ளிகளில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்திலும் இத்தகைய பயிற்சிக்கு இடமளிக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் முயற்சிகளை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. ஆனால் ஒரு கருத்து வகுப்பறைக்குள் நுழையும்போது அது முழுமையாக நுழைகிறதா, பாதியை வாசலில் விட்டுவிட்டு நுழைகிறதா என்று பார்ப்பது ஆசிரியர் கடமை. இங்கே பாதி வாசலில் நிற்கிறது என்பதே நமது முறைப்பாடு.

பாளி நூல்களில் ‘சதி’ பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ‘சம்பஜஞ்ஞ’ என்னும் துணையோடு இரட்டையாகவே வருகிறது. சதி என்பது வடமொழி ஸ்மிருதி. நினைவு என்பதே அதன் முதற்பொருள். ரைஸ் டேவிட்ஸ் 1881 இல் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தார். 1979 இல் அமெரிக்க மருத்துவமனையொன்றில் ஜோன் கபாட்-சின் அதனை நோயாளருக்குரிய பயிற்சியாக்கினார். அங்கிருந்து அது அலுவலகங்களுக்கும் படைமுகாம்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவிற்று. துணைச்சொல்லாகிய சம்பஜஞ்ஞம் இந்தப் பயணத்தில் வழிதவறிப்போயிற்று. அதன் பொருள் தெளிந்தறிதல். கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் தம் நூலில் இவ்விரண்டையும் பிரிக்காமல் விளக்கியிருப்பது கருதத்தக்கது.

உரைகாரர் இத்தெளிவை நான்காக வகுப்பர். செய்யப்போகும் செயலால் பயனுண்டா என அறிதல். அது இவ்விடத்துக்கும் இவ்வேளைக்கும் தக்கதா என அறிதல். மனம் தனக்குரிய களத்தில் நிற்கிறதா என அறிதல். செய்வது இன்னதென மயக்கமற அறிதல். அடியெடுத்து வைக்கும் துறவிக்குச் சொன்ன இலக்கணம் இது. புத்தகத்தைத் திறக்கும் மாணவனுக்கும் பொருந்தும். இது சிங்கள நாட்டுப் பொருள், நமக்கு அயல் என்று யாரும் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. சதிபட்டான சூத்திரத்துக்கு உரைகண்ட புத்தகோசர், மயூரசுத்தபட்டனத்திலே புத்தமித்தர் என்ற தேரரோடு தங்கியிருந்த காலத்தில் அவர் வேண்டியதால் அவ்வுரையை எழுதியதாகக் குறித்துள்ளார். காஞ்சியையும் அவர் வேறோர் உரையில் நினைவுகூர்கிறார். மணிமேகலையையும் வீரசோழியத்தையும் தந்த மொழி நம்முடையது. பௌத்தத்தின் ஒரு பங்கு நமக்கும் உரித்து.

இனி, நம் வீட்டு நூலொன்றை இந்த வெளிச்சத்தில் எடுத்துப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி என்ற சமண முனிவர் இயற்றியது நன்னூல். அதன் பாயிரத்தில் ஆசிரியன் இலக்கணமும் மாணாக்கன் இலக்கணமும் பாடங்கேட்கும் முறையும் சொல்லப்படுகின்றன. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக இலங்கைத் தமிழ் மாணவர் தலைமுறை தலைமுறையாக அதனைப் பயின்றனர். சமண முனிவர் எழுதி, சைவர் உரைகண்ட நூலை, இந்தக் கரையில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பரீட்சைக்காகப் படித்திருக்கின்றனர். இதுவும் நம் கல்வி வரலாற்றின் பெருமைகளுள் ஒன்று.

பாடங்கேட்கும் மாணாக்கனுக்குப் பவணந்தியார் இரண்டு உவமைகள் தருகிறார். ஒன்று, ஓவியத்தில் எழுதிய பாவைபோல அடங்கியிருத்தல். மற்றொன்று, நீர்வேட்கையுற்றவன் பருகுவது போன்ற ஆர்வங்கொள்ளுதல். இவை ஒன்றோடொன்று முரணும் உவமைகள் என்பதை உரையாசிரியர்கள் பெரிதுபடுத்தவில்லை. எழுதிய பாவைக்குத் தாகமில்லை. தாகமுற்றவன் பாவைபோல் இருப்பதில்லை. இரண்டையும் ஒரே பிள்ளையிடம் வேண்டுவதில்தான் அந்த நூலின் ஆழம் இருக்கிறது. உடல் அடங்க, உள்ளம் விரைய வேண்டும் என்கிறார் புலவர். பின்வந்த பள்ளிக்கூடமோ முதலுவமையை மாத்திரம் கைப்பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டது. பிரம்பும் மணியும் பாவையை உண்டாக்கும், தாகத்தை உண்டாக்கா. கண்ணை மூடி மூச்சை எண்ணும் இன்றைய பயிற்சியும், தெளிந்தறிதலை விட்டுவிட்டு வந்தால், பிரம்பில்லாமல் பாவை செய்யும் புதிய முறையாகவே முடியும்.

இது வெறும் ஐயமன்று. இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்டு அறிஞர் முன்னின்று நடத்திய பேராய்வொன்றின் முடிவு 2022 இல் வெளிவந்தது. 84 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட இளமாணவர். ஆசிரியருக்குப் பயிற்சியளித்து, அவர் வாயிலாகப் பிள்ளைகளுக்குக் கவனப்பயிற்சி கற்பித்தனர். வழக்கமான மனநலப் பாடங்களைப் பெற்ற பிள்ளைகளைவிட இவர்கள் நலத்தில் மேம்பட்டதாகத் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அப்பயிற்சியைத் தொடவே இல்லை. கற்பித்த ஆசிரியரின் களைப்பு மாத்திரம் சிறிது காலம் குறைந்திருந்தது. ஆசிரியர் என்ற முறையில் இம்முடிவில் நமக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்! ஆயினும் நன்மை பெறவேண்டியவர் நாமல்லரே.

நன்னூலார் தாகத்துக்கு வழியும் சொல்கிறார். நூல் பயிலும் இயல்பு என அவர் கூறுவன ஏழு. உலக வழக்கை அறிதல் முதலில் வருகிறது. பாடத்தைப் போற்றிக் காத்தல் அதற்கு அடுத்துத்தான். பின்னர் கேட்டதைச் சிந்தித்தல், ஆசிரியனை அடைந்து மீண்டும் கேட்டல், ஒத்த மாணவரோடு பழகுதல், வினாவுதல், வினவியதற்கு விடையிறுத்தல். மனனம் ஏழில் ஒன்று, அதுவும் இரண்டாவது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை நம் பிள்ளைகள் காலையிற் பாடசாலை, மாலையில் ரியூசன், இரவில் கடந்தகால வினாத்தாள் என ஓடுவது அந்த இரண்டாவதைச் சுற்றியே. வழக்கறிதல் எங்கே? வினாவுதல் எங்கே? பௌத்த உரைகாரர் முதலில் பயனைக் கேட்டார். சமணப் புலவர் முதலில் வழக்கைக் கேட்டார். நமது பரீட்சை முதலிலும் முடிவிலும் கேட்பது புள்ளியையே.

இன்னொரு கணக்கும் அப்பாயிரத்தில் உண்டு. ஆசிரியன் சொன்னதை ஒழுங்காகக் கொண்டாலும் புலமையிற் காற்பங்குதான் கிட்டும். தோழரோடு பயில்வதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். எண்ணூறு ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட இக்கூற்றை வகுப்பில் சொல்லிக்கொண்டே, அந்த அரைப்பங்கை நாமே உண்டுவிடுகிறோம். மாணவன் பேசாதிருக்க ஆசிரியர் பேசுகிறார். ஆகவே பாடம் ஆண்டுதோறும் ஆசிரியருக்கே நன்றாக விளங்கி வருகிறது.

பாராட்டு இத்தோடு நிற்கட்டும். நன்னூலின் மாணாக்கன் இலக்கணத்தில் நாம் ஏற்கவொண்ணாத பகுதியும் இருக்கிறது. பாடஞ்சொல்லத் தக்கவர் யாரெனக் கூறுமிடத்து ஆசிரியன் மகனும் அரசன் மகனும் பொருளை மிகக் கொடுப்பவனும் இடம்பெறுகின்றனர். தகாதவர் வரிசையிலோ கள்வனோடும் வஞ்சகனோடும் நோயாளியும், தூங்குபவனும், மந்தனும் ஒருங்கே நிறுத்தப்படுகின்றனர். ‘ஏழை’ என்ற சொல்லும் அங்கே வருகிறது. அறிவிலி என்று உரைகாரர் பொருள்கொள்வர். பொருள் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் வறியவனையும் அறிவிலியையும் ஒரே சொல்லால் அழைக்க இடங்கொடுத்த மொழியில் நாம் பேசுகிறோம் என்பதையாவது நினைவிற் கொள்ளவேண்டும். மாணாக்கரை அன்னமும் ஆவும், மண்ணும் கிளியும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியுமாகத் தரம்பிரிப்பதும் அப்படியே. உவமைகள் கூர்மையானவை, சிரிப்பூட்டுபவை. ஆனால் குடத்தில் ஓட்டை எவ்வாறு விழுந்தது என்று அவை கேட்பதில்லை.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது பவணந்தியாரின் இந்த வாயிற்காவல் சட்டப்படி ஒழிந்தது. ஓட்டை ஒழியவில்லை. தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும், வடக்கே நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும், விடியுமுன் கரைவலை இழுக்கப் போய்விட்டு வந்து முதற்பாடத்தில் தூங்கிவிழும் பையனை எந்த ஆசிரியரும் அறிவார். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வட்டைக்குப் போகும் பிள்ளையையும், தாய் மத்திய கிழக்கில் வேலைசெய்ய, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்பிள்ளையையும் அறிவார். 2022 இல் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்ட நாட்களில் அடுப்புகளும் பல வீடுகளில் மூடியே கிடந்தன. இவர்களிடம் ‘மூச்சைக் கவனி’ என்று சொல்லுமுன், உரைகாரர் வகுத்த இரண்டாம் வினாவை, அதாவது இவ்வேளைக்கு இது தக்கதா என்பதை, நம்மிடம் நாமே கேட்கவேண்டும். தூங்குபவனுக்கு முதலில் வேண்டியது தூக்கம். கவனமின்மை பிள்ளையின் குணக்கேடு என்ற நன்னூற் கொள்கையே, பாளிச் சட்டை போட்டுக்கொண்டு, ‘மனத்தைப் பழக்கினால் எல்லாம் சரியாகும்’ என்று மீண்டும் வருகிறதோ என அஞ்சுகிறோம்.

கவனம் எங்கே பிறக்கிறது என்பதற்கு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையின் கூத்துக் களரி நல்ல சான்று. கூத்துப் பழக்கத் தொடங்கும் அண்ணாவியார் யாரையும் கண்மூடச் சொல்வதில்லை. ஆட்களைத் தெரிந்து சட்டம் கொடுக்கிறார், அவரவர் தமக்குரிய பாட்டைப் பாடமாக்குகின்றனர், மத்தளத்துக்கு ஆடிப் பார்க்கின்றனர், மாதக்கணக்கில் இரவுகள் கழிகின்றன, சதங்கை அணிகின்றனர், அடுக்குப் பார்த்து அரங்கேறுகின்றனர். பகலெல்லாம் வயலில் நின்றவன் நடுநிசியில் தாளம் பிசகாமல் ஆடுகிறான். பள்ளியில் நாலு வரி நிற்காத தலையிற் பல நூறு வரி நிற்பதெப்படி? பயன் தெரிகிறது: ஊர் பார்க்கப்போகிறது. தக்க வேளை: அறுவடை முடிந்துவிட்டது. களம் கண்முன்னே வட்டமாய்க் கிடக்கிறது. எந்த வரிக்கு எந்த அடி என்பதில் மயக்கமில்லை. நான்கு தெளிவும் யாரும் பெயரிடாமலே அங்கே கூடிவிடுகின்றன. இதையும் பொன்னாக்கிப் புகழவேண்டாம். அந்தக் களரி மரபில் பெண்களுக்கு ஆட இடமில்லை. பெண்வேடத்தையும் ஆணே பூண்டான். ஊர்க்கட்டுப்பாடும் சாதியும் அதற்குள் இருந்தன. ஆயினும் தாகம் மூட்டும் வித்தையைப் பாடசாலை கூத்திடமிருந்து கற்கலாம்.

அவதானம் என்ற சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். வீதியோரப் பலகையிலும் காண்கிறோம். அதே சொல்லால் குறிக்கப்பட்ட ஒரு கலையும் இருந்தது. நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907 இல் சென்னையில் நூறு பொருளில் ஒருங்கே மனஞ்செலுத்திச் சதாவதானம் நிகழ்த்தினார். வியக்கத்தக்கதே. ஆனால் கைத்தொலைபேசியின் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பலவற்றில் ஒருங்கே மனஞ்செலுத்தும் கட்டாயத்துக்கு ஆளாகியிருக்க, நமக்கு முன்மாதிரியாக வேண்டியவர் சதாவதானியல்லர், ஒன்றிலே நின்றவர். அத்தகையவரைத் தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும், பின்னர் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மறைந்துகிடந்த யாழிலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலாக வெளியிட்டார். அந்நூல் மனனத்தால் விளைந்ததன்று. பழைய உரையைப் படித்தவர் பலர் இருந்தனர். நரம்புகளின் அளவைக் கணிதத்தாற் கண்டறிந்து, புரிந்தது எது, புரியாதது எது எனப் பிரித்து நிறுத்திய தெளிவினால் விளைந்தது. சதி என்னும் நினைவும், சம்பஜஞ்ஞம் என்னும் தெளிவும் ஒரே நூலிற் கைகோத்து நிற்பதை அங்கே காணலாம். அடிகள் துறவியாதலால் தியானமும் பழகியிருப்பார். ஆனால் யாழ்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிவது கண்மூடிய அமைதியன்று, கண்திறந்த வேட்கை.

இனி நடைமுறை. கண்மூடும் பயிற்சியை வேண்டுவோர் வைத்துக்கொள்ளட்டும்; ஐந்து நிமிட அமைதியால் யாருக்கும் கேடில்லை. ஆனால் துயரம் சுமக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது. 2004 கடலையும் 2009 வரை நீண்ட போரையும் இன்றைய மாணவர் கண்டவரல்லர். எனினும் கண்டவர்கள் வீட்டில் வளர்கின்றனர், கண்ணை மூடியதும் அமைதிதான் வரும் என்று நாம் உறுதிகூற முடியாது. அமைதிக்குப் பின் வினாவுக்கு இடம் வேண்டும். பாடமுடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு விளங்கியதைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லட்டும். விளங்காததை ஆசிரியரிடம் கேட்கட்டும். நன்னூலின் அரைப்பங்கும் உரைகாரரின் நான்காம் தெளிவும் இதற்குள் அடங்கிவிடும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு ஒரு நிமிடம். அதில் வரவு பதிதல் உண்டு. சுற்றறிக்கை வாசித்தல் உண்டு. தவணைக்குள் முடிக்கவேண்டிய பாடவிதானம் உண்டு. பவணந்தியார் சொன்ன ஏழையும் ஒரு நிமிடத்தில் எந்தப் பிள்ளையாலும் செய்யவியலாது. மூச்சை மாத்திரம் கவனிக்கலாம். வகுப்பின் தொகையைக் குறைக்கவும், ஆசிரியரில்லாப் பாடங்களுக்கு ஆசிரியரை அனுப்பவும், காலையுணவை ஏழாந்தரத்துப் பையனுக்கும் எட்டச் செய்யவும் பணம் வேண்டும். மூச்சுக்குப் பணம் வேண்டியதில்லை. அதிகாரிகள் இரண்டாவதை முதலிற் பரிந்துரைப்பதன் காரணத்தை ஆராய நூலறிவு தேவைப்படாது.