சாப்மன் என்றொரு பெயர்

திருத்தணியிலிருந்து நகரி வரைக்கும் கரும்பு ஏத்திப் போகிற டிராக்டர்களில் கணிசமானவற்றுக்கு இன்ஜின் 'சிம்சன்'. மெக்கானிக் தமிழில் பேசினாலும் தெலுங்கில் பேசினாலும் பெயர் அதேதான். பழைய ஆட்கள் 'பெர்க்கின்ஸ்' என்பார்கள். மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு: சார்லஸ் சாப்மன். அதை யாரும் சொல்வதில்லை. மெக்கானிக் சொல்லாததில் தப்பில்லை. இன்ஜின் வரலாறு எழுதுகிறவர்களும் அதை ஒரு வரியில் தாண்டிப் போவதுதான் என் புகார்.

1930களின் தொடக்கம் வரை டீசல் என்றால் பெரும்பாலும் கப்பலிலோ ஆலையிலோ நின்ற இடத்தில் மெதுவாக ஓடுகிற கனத்த இயந்திரம். அதை லாரிக்குள் கொண்டுவரணும் என்றால் எடை குறையணும், வேகம் கூடணும். வேகம்தான் சிக்கல். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 30 மில்லி செகண்டு. அதில் ஒரு சிறு பகுதிக்குள் டீசல் பீய்ச்சப்பட்டு, காற்றோடு கலந்து, எரிந்து முடியணும். சாப்மன் சிலிண்டர் தலையில் தனியாக ஓர் எரியறை வைத்து, காற்றைச் சுழலவிட்டு இதைச் சமாளித்தார்.

அவரும் பிராங்க் பெர்க்கின்ஸும் ரோச்செஸ்டரில் அவெலிங் அண்டு போர்ட்டர் நிறுவனத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அதன் தாய் நிறுவனம் நொடித்த 1932இல் பீட்டர்பரோவில் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். வரைபடம் சாப்மனுடையது, பெயர்ப்பலகை பெர்க்கின்ஸுடையது. 1937இல் ஆறு சிலிண்டர் பி6 வந்தது. பெட்ரோல் லாரியில் இன்ஜினை மட்டும் மாற்றிப் பொருத்தலாம் என்பதே அதன் பலம்.

1840இல் சேணக் கடையாகத் தொடங்கிய சென்னை சிம்சன், 1950களில் அந்த பி6ஐ இங்கே தயாரித்தது. அதே அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960இல் மாஸே பெர்குசனுடன் சேர்ந்து டாஃபேயைத் தொடங்கியது. மாஸே பெர்குசன் அதற்கு முந்தைய வருஷமே பெர்க்கின்ஸை வாங்கியிருந்தது. வட்டம் இப்படித்தான் நம்ம கரும்புக்காடு வரை வந்தது.

இதற்காக சாப்மனைத் தனி மேதையாக்கிச் சிலை வைக்கச் சொல்லவில்லை. பெர்க்கின்ஸ் பணம் திரட்டி, வாடிக்கையாளரைப் பிடித்திருக்காவிட்டால் அது வெறும் வரைபடமாகவே கிடந்திருக்கும். இன்னொன்றும் சொல்லணும்: இன்றைய டிராக்டர் இன்ஜின்களில் டீசல் நேராகவே சிலிண்டருக்குள் பாய்கிறது. சாப்மனின் எரியறை போய்விட்டது. அப்படியானால் மிச்சம் என்ன? சின்னதாய், லேசாய், வேகமாய் ஓடும் டீசலை ஒரு சாதாரண வண்டியில் வைக்க முடியும் என்ற தீர்மானம். அது எந்த உதிரிபாகத்திலும் இல்லை. அதனால்தான் மறப்பதும் சுலபம்.

நம்ம பக்கத்திலும் இதே கதைதான். வெளிநாட்டு வரைபடத்தை நம்ம வெயிலுக்கும் புழுதிக்கும் பொருந்த வைத்த சென்னை டிராயிங் ஆபீஸ்காரர்களின் பெயர்கள் எங்கே? கம்பெனி வரலாறு என்று முதலாளிகளின் படங்களை அடுக்குகிறோம். அதைத் தொழில்நுட்ப வரலாறு என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். அந்த ஆட்களில் உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே போய்க் கேட்டு எழுதி வைக்கலாம். சாப்மனுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கணுமா என்ன?