குறிச்சொல்லுக்குப் பின்னால் ஆள் வேண்டும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு சென்னைக்குள் புகுந்தபோது, படகு கேட்டவர்களும் தங்க இடம் தர முன்வந்தவர்களும் ட்விட்டரில் 'சென்னைரெயின்ஸ்ஹெல்ப்' என்ற ஒரே ஹேஷ்டேக்கில் சந்தித்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்தத் தொண்டு நிறுவனமும் கூட்டம் போட்டுத் திரட்டியிருக்க முடியாத தகவல் அது. கிறிஸ் மெஸ்ஸினா 2007 ஆகஸ்டில் முன்மொழிந்த ஹேஷ்டேக் என்ற இந்தக் குறிச்சொல் முறை, அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போதே பேரிடர்ச் செய்திகளைச் சேர்க்கப் பயன்பட்டது.

ஆனால் சேர்ப்பதோடு குறிச்சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. ஒருவரை மீட்ட பிறகும் அவருடைய வேண்டுகோளை நல்ல மனத்தோடு பலர் பகிர்ந்துகொண்டே இருப்பார்கள். அதை நம்பிப் படகு போனால், உண்மையிலேயே மாடியில் தவிப்பவருக்கு அந்தப் படகு கிடைக்காது. சென்னையில் இந்தக் குழப்பத்தைக் குறைத்தவர்கள், பதிவுகளை அட்டவணையில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணுக்கும் போன் செய்து, உதவி போய்ச் சேர்ந்ததா என்று குறித்துவைத்த தன்னார்வலர்கள். என் பார்வையில் அந்த வெள்ளத்தின்போது நடந்த பெரிய சாதனை இந்த அலுப்பான வேலைதான். நிறுவனங்களோ குறிச்சொல்லை விளம்பரப்படுத்தக் காட்டும் அக்கறையை இதற்குக் காட்டுவதில்லை.

சார்ஜ் தீர்ந்த போனும் இணையம் இல்லாத குடிசையும் எந்தக் குறிச்சொல்லிலும் வராது. அதே மழையில் கடலூர் மாவட்டமும் மூழ்கியது. சென்னைக்குக் கிடைத்த கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. திரையில் வேண்டுகோள் குவியும் இடமே அதிகம் பாதிக்கப்பட்ட இடம் என்று ஒரு நிறுவனம் கணக்குப் போட்டால், ஏழைகளை அது இரண்டாம் முறை கைவிடுகிறது. களத்துக்கு ஆள் அனுப்பித்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

இன்னொன்று, தளம் நம்முடையதல்ல. அமெரிக்கத் தொண்டு நிறுவனத் தொழில்நுட்பர்கள் 'என்பிடெக்' என்ற குறிச்சொல்லில் சுட்டிகளைச் சேர்த்துவந்த டெலிஷியஸ் என்ற இணையதளம், 2017இல் கைமாறியதும் புதிய சேமிப்புகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. ஆகவே தகவலின் பிரதி நிறுவனத்தின் கையிலும் இருக்க வேண்டும். ஆனால் தனியாக இருக்கும் முதியவரின் முகவரியும் போன் எண்ணும் அதில் காலமெல்லாம் கிடக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஹேஷ்டேக்கை முடிவுசெய்யும் நிறுவனம், இரவு முறையில் எண்களைச் சரிபார்ப்பவர் யார், மீட்பு முடிந்தபின் அவற்றை அழிப்பவர் யார் என்பதையும் அப்போதே பெயரோடு எழுதிவைக்க வேண்டும்.