தொடக்ககால அமெரிக்கச் சிறுகதைகளில் நாட்டுப்பற்றுக் குறியீடுகள்: கிள்ளான் மண்ணிலிருந்து ஒரு பார்வை

நாட்டுப்பற்றைப் பேசும் கதை, கொடியைப் போற்றும் கதையாக மட்டுமே இருத்தல் வேண்டுமா? தமிழ்ச் சிறுகதையைக் கற்பிக்கும் நாம் எதிர்கொள்ளும் இவ்வினாவுக்கு, அமெரிக்கச் சிறுகதையின் தொடக்ககாலப் படைப்புகள் இரண்டு விடை காண உதவுகின்றன.

வாஷிங்டன் இர்விங் 1819இல் வெளியிட்ட 'ரிப் வான் விங்கிள்' கதையின் தலைவன், மன்னராட்சியில் உறங்கி, 20 ஆண்டுகள் கழித்துக் குடியரசில் விழிக்கிறான். ஊர் விடுதியின் பெயர்ப்பலகையில் மன்னர் ஜார்ஜின் முகம் அப்படியே இருக்கிறது. சிவப்பு அங்கி நீலமாகவும் செங்கோல் வாளாகவும் மாற, அடியில் தளபதி வாஷிங்டன் பெயர் எழுதப்பட்டுள்ளது. நிழல் தந்த பெருமரத்துக்குப் பதிலாகக் கொடிக்கம்பம் நிற்கிறது. ரிப்புக்கோ, விடுதலை என்பது மனைவியின் கடுஞ்சொல்லிலிருந்து கிடைத்த விடுதலையே. ஆட்சி மாற்றம் எளியவனுக்கு எதைத் தந்தது என்னும் வினா இந்நகைச்சுவையினுள் மறைந்துள்ளது எனலாம்.

நதானியல் ஹாதர்னின் 'எண்டிகாட்டும் செஞ்சிலுவையும்' என்னும் கதை இன்னும் கூர்மையானது. 17ஆம் நூற்றாண்டுச் சேலம் நகரில், எண்டிகாட் ஆங்கிலேயக் கொடியிலிருந்து செஞ்சிலுவையை வாளால் அறுத்தெறிகிறார். பிற்கால விடுதலையின் முன்னறிகுறியாக ஆசிரியர் அச்செயலைப் போற்றுகிறார். ஆயினும், அதே களத்தில் தண்டனைக் கட்டையில் பிணைக்கப்பட்டோரையும், மார்பில் இழிவெழுத்தைச் சுமக்கும் பெண்ணையும் நிறுத்துகிறார். மனச்சான்றின் உரிமையை எண்டிகாட் முழங்கும்போது, தண்டனை பெற்ற ஒருவனே அவரை இடைமறித்து வினவுகிறான். போற்றுதலும் ஐயமும் ஒரே கதையில் இணைந்துள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. குறை காட்டுதல் பற்றின்மை ஆகாது.

இப்பார்வை நம் மண்ணுக்கும் பொருந்தும். காப்பாரை உள்ளடக்கிய கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டுமன்று. துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாகும். இங்கே மானத்தின் குறியீடு கொடியன்று, மிதிவண்டி. அதிகார பீடம் அளிக்கும் குறியீடுகளோடு மக்கள் வாழ்விலிருந்து தாமே முளைத்த இத்தகைய குறியீடுகளும் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே, 1957ஆம் ஆண்டு விடுதலையையொட்டிய நம் சிறுகதைகளை வகுப்பறையில் ஆராயுங்கால், கொடி இடம்பெறுவதைச் சுட்டுவதோடு நின்றுவிடலாகாது. அக்கொடியின் அருகே ஆசிரியர் யாரை நிறுத்துகிறார், யாரை விட்டுவிடுகிறார் என்பதையும் மாணவர் வினவுமாறு பழக்குதல் நம் கடமையாகும்.